தொங்காத இமை

கொம்பு வளராமலிருக்கக் கன்றின் கொம்பு மொட்டைச் சுடுவதற்கு முன் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, மருந்து பிடிக்கும்வரை டாக்டர் மெர்சி பண்ணைக்காரர் செங்கோடனுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். வலித்தால் மாடு கத்தும் என்று நினைக்கக் கூடாது. காது பின்னால் போகும், தாடை இறுகும், அசைபோடுவது நிற்கும். "காட்டுல நொண்டுறதைத்தான் புலி முதல்ல பிடிக்கும். அதனால வலியைக் காட்டாம நிக்கிறது இதுங்க ரத்தத்துலயே இருக்கு." "எனக்கு அந்த ரத்தம் இல்லீங்க டாக்டரம்மா. பல்லு வலிச்சா ஊருக்கே கேக்கும்," என்று சிரித்தபடி அவர் கன்றைப் பிடித்துவந்து சட்டத்தில் தலையைப் பூட்டினார். மெர்சி மொட்டைச் சுற்றி ஊசியால் குத்திப் பார்த்தாள். கன்று அசையவில்லை. மரத்துவிட்டது. பழுத்த இரும்போடு குனிந்தபோது அதன் கண்கள் அவளைப் பார்த்தன. இரண்டும் அகலத் திறந்திருந்தன. மருந்து பிடித்திருந்தால் மேல் இமை தொங்கியிருக்க வேண்டும். சட்டென்று திரும்பினாள். தூணோரம் அதே கறுப்பு வெள்ளையில் இன்னொரு கன்று, இமை தொங்க, பாதித் தூக்கத்தில் நிற்பதுபோல் நின்றது. "அண்ணா, இது எந்தக் கன்னு?" "அட, ரெட்டைங்க. மாத்திப் புடிச்சுட்டேனாட்ட இருக்கு. ஆனா குத்துனீங்களே, வலிக்காமத்தான நின்னுச்சு?" குத்திய இடங்களில் ரத்தம் பொட்டுப் பொட்டாய்த் துளிர்த்திருந்தது. காதுகள் பின்னால் ஒட்டிக்கிடந்தன. எந்தப் புலிக்குப் பயந்து இப்படி நிற்கிறது என்று மெர்சி கொட்டிலைச் சுற்றிப் பார்த்தாள். அவளும் செங்கோடனும்தான் இருந்தார்கள். அவள் கையில் இரும்பு இன்னும் சிவந்திருந்தது.