செத்த வண்டியின் நம்பர்

"இந்த வண்டி செத்துப் போய் மூணு வருஷம் ஆகுதுங்க," என்றார் பிரேக் இன்ஸ்பெக்டர் சத்யப்பிரியா.

சின்னதுரை நிமிர்ந்து பார்த்தார். எதிரே பானெட்டைத் திறந்து வைத்தபடி அவருடைய வெள்ளை மாருதி நின்றது. காலையில்தான் அதைக் கழுவித் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து இந்த ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தானே ஓட்டி வந்திருந்தார். பழைய கார், எஃப்.சி. காட்டி ஆர்.சி. புக்கைப் புதுப்பிக்க வேண்டும். சின்ன வேலை, மத்தியானப் படையலுக்கு வீட்டில் இருக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்.

அந்த அம்மாள் விடுகிற ஆளாக இல்லை. சேஸிஸ் நம்பர் பொறித்த இடத்தில் பெயிண்டைச் சுரண்டினார். நம்பரைச் சுற்றி நாலு பக்கமும் வெல்டிங் கோடு தெரிந்தது.

"இந்த நம்பர் வண்டி பண்ருட்டி ரோட்டுல லாரியில மாட்டி அப்பளமா நொறுங்கிடுச்சு. அன்னிக்கு வந்து பார்த்து ரிப்போர்ட் எழுதினதே நான்தான். அதுலேருந்து இந்தத் துண்டை மட்டும் வெட்டியெடுத்து வேற வண்டியில ஒட்டியிருக்கீங்க. யார் வேலை இது?"

இனி மழுப்பிப் பிரயோசனமில்லை. நொறுங்கியது தன் சொந்தக் கார்தான் என்று சின்னதுரை ஒப்புக்கொண்டார். பக்கத்து ஊரான வடக்குத்தில் பட்டறை வைத்திருக்கும் ஆனந்த்ராஜ் அதே ரகத்தில், அதே நிறத்தில், பேப்பர் இல்லாத வண்டி ஒன்றை எங்கிருந்தோ பிடித்து வந்து கொடுத்த யோசனை இது. அன்றைக்கு அவன் பேசிய பேச்சு அப்படியே மனதில் இருந்தது.

"உங்ககிட்ட பேப்பர் இருக்குது, வண்டி இல்ல. இங்க வண்டி இருக்குது, பேப்பர் இல்ல. ரெண்டையும் சேத்துட்டா யாருக்குண்ணே நஷ்டம்?"

கேட்டபோது அது ஒரு தப்பாகவே சின்னதுரைக்குத் தோன்றவில்லை. நியாயமாகக்கூடப் பட்டது.

"பாடியை மாத்தலாம், இன்ஜினை மாத்தலாம்," என்றார் சத்யப்பிரியா. "முறையா அனுமதி வாங்கி ஆர்.சி.யில ஏத்திக்கலாம். ஆனா இந்த நம்பர் மட்டும் மாறக் கூடாதுங்க. வண்டி செத்தா அதோட நம்பரும் செத்துடணும்."

சின்னதுரை தலையாட்டினார்.

"சரி, இந்த வண்டிக்குன்னு சொந்தமா ஒரு நம்பர் இருந்திருக்குமே, அதை என்ன பண்ணீங்க?"

"வெட்டித் தூக்கிப் போட்டுட்டோம்ங்க."

"அப்போ நல்லா ஓடிட்டு இருக்கிற இந்த வண்டி கணக்குல எங்கயுமே இல்ல. புரியுதுங்களா?"

புரிந்தது. எவ்வளவு நன்றாகப் புரிந்தது என்று அந்த அம்மாளுக்குத் தெரியாது. அவர் புளியமர நிழலில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துப் போனதைப் பார்த்து சத்யப்பிரியாவுக்கே பாவமாகிவிட்டது. தண்ணீர் வரவழைத்துக் கொடுத்து, எங்கே வேலை என்று விசாரித்தார். மைன்ஸில் பர்மனெண்ட், சீக்கிரமே ரிடையர்மெண்ட் என்றார் சின்னதுரை.

"வண்டியைப் பிடிச்சு வெச்சாகணுங்க. போலீஸ் கேஸாகும். உங்க ஆபீஸுக்கும் தகவல் போகும். வேலையில சேர்ந்த நாள்லேருந்து உங்க பேப்பரையெல்லாம் எடுத்துப் பார்ப்பாங்க. அதுல ஒண்ணும் தப்பு இல்லேன்னா நீங்க பயப்பட வேண்டாம்."

ஆறுதலாகத்தான் சொன்னார். சின்னதுரை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

அந்த வேலை லேசில் வந்ததல்ல. குடும்ப நிலம் மொத்தமும் சுரங்கத்துக்குப் போனதற்குப் பதிலாக, மூத்த மகன் சின்னதுரை என்று பேர் போட்டு ஆர்டர் வந்தது. வந்த வாரமே அந்த வீட்டில் சாவு. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் விஷக் காய்ச்சல், ஒருவர்தான் பிழைத்தார். அந்த ஊரும் இப்போது இல்லை, சுரங்கம் விழுங்கிவிட்டது. அக்கம்பக்கத்துச் சனங்கள் எந்தத் திசையில் போனார்களோ.

ஆட்டோவில் வந்து குவார்ட்டர்ஸில் இறங்கியபோது மனைவி பெரியநாயகி வாசலிலேயே நின்றாள். இன்று அவருடைய தம்பி ராஜாங்கத்தின் நினைவு நாள்.

"எல போட்டு வச்சிக்கினு எவ்ளோ நேரம் வூட்டுல காத்துக் கெடக்கிறது? வண்டி எங்கங்க?"

வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள், கேஸாகும் போலிருக்கிறது என்று மட்டும் சொன்னார். அவள் கண் கலங்கினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கற்பூரத் தட்டைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"மொதல்ல கொழுந்தனாருக்குக் காட்டுங்க. எல்லாத்தையும் அவரு பாத்துக்குவாரு."

மாலை போட்ட படத்தில் மீசை வைத்த இளைஞன் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். படத்துக்குக் கீழே ராஜாங்கம் என்று பெயிண்டில் எழுதியிருந்தது. தம்பி என்கிறீர்கள், பார்த்தால் வேலையில் சேர்ந்தபோது எடுத்த உங்கள் படத்தைவிட மூத்தவர் போல இருக்கிறாரே என்று வருஷா வருஷம் பெரியநாயகி கேலி செய்வாள்.

கற்பூரம் எரிந்தது. பாடை கிளம்பிய அன்று அப்பா தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னது அவர் காதில் விழுந்தது.

"அவன் பேர்ல ஆர்டர் இருக்குது, ஆளு இல்ல. நீ ஆளு இருக்கே, ஆர்டர் இல்ல. ரெண்டையும் சேத்துட்டா யாருக்குடா நஷ்டம்?"

படத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தவன்தான் சின்னதுரை. கற்பூரத் தட்டோடு எதிரே நின்றவர் ராஜாங்கம்.