பேசக் கூடாத ஆட்டம்

சேவியரின் பந்தை எதிரணியில் ஒருவராலும் அடிக்க முடியவில்லை. பேஸ்பாலில் அப்படி எறிகிறவனிடம் ஆட்டம் முடியும்வரை சொந்த அணியினரே பேசக் கூடாது. பேசினால் ராசி போய்விடும். இடைவேளையில் அவன் தனியாக உட்கார்ந்து தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் பந்தைப் பிடிக்கும் தயாளனைப் பயிற்சியாளர் ஓரமாக அழைத்தார்.

“ஆஸ்பத்திரியிலேர்ந்து போன். சேவியர் புள்ளைக்கு ரொம்ப முடியலையாம், உடனே வரச் சொல்றாங்க.” மைதானத்தைப் பார்த்தார். “ஆட்டம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்.”

தயாளன் கம்பி முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு போய்க் குந்தினான். எந்தப் பந்து வேண்டுமென்று வழக்கம்போல சேவியருக்கு விரலால் காட்டினான்.

கடைசி ஆளும் வீழ்ந்ததும் அரங்கமே எழுந்து நின்றது. சேவியர் ஓடிவந்தான். கவசத்தைக் கழற்றாமல் நின்ற தயாளனைக் கட்டிக்கொண்டான்.

“ஜெயிச்சாச்சு. இப்பவாவது வாயத் தொறந்து பேசேன்டா.”