சார்ஜில் இருக்கிறது

என் லேப்டாப்பில் ‘எஃப்’ எழுத்துக்கு அடியில் மாமியாரின் குதிகால் இருக்கிறது.

முழுக் குதிகால் இல்லை. அதைத் தேய்க்கும் மெஷினிலிருந்து உதிர்ந்த வெள்ளைத் தூள். ஊதினால் பறந்து வந்து என் உதட்டிலேயே ஒட்டுகிறது.

அதற்குப் பக்கத்தில் கணவரின் தாடி. டிரிம்மரைத் தட்டக்கூட மாட்டார். அப்படியே கொண்டுவந்து சொருகிவிட்டுப் போவார்.

இந்த வீட்டில் சின்னச் சாமான்களுக்குச் சுவர் பிளக்கில் சார்ஜ் போடக்கூடாது. போன வருஷம் மாமனாரின் பழைய காது மெஷினைச் சுவரில் போட்டபோது புகைந்துபோனது. அன்றைக்கு மாமியார் போட்ட சட்டம் இது. சுவரில் வருவது முரட்டுக் கரண்டாம், லேப்டாப்பில் வருவது சாதுக் கரண்டாம். எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். என் பேச்சு இங்கே எப்போது எடுபட்டது?

லேப்டாப் என்னுடையது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு, வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து கொடுக்கிறேன். இருப்பது மூன்று போர்ட். மூன்றும் அவர்களுக்கு. என் மவுஸ் டிராயரில் தூங்குகிறது.

மூன்றாவது போர்ட் மாமனாருடையது. இருப்பதிலேயே அதுதான் சகிக்காது.

சோப்புப் பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. வாங்கியபோது வெள்ளை. இப்போது மூடி விளிம்பெல்லாம் மஞ்சள் பிசுக்கு. காதைக் குடைந்த அதே விரலால்தான் அதைத் தொடுவார். அதற்குள் வைக்கும் புது மெஷின் மொச்சைக்கொட்டை அளவுதான். காதுக்குள் போய்விட்டால் போட்டிருப்பதே தெரியாது.

தினமும் ஆறரைக்கு டாண் என்று வருவார். பெட்டியைச் சொருகுவார். காதைத் தொட்டுக் காட்டி, இனி ஒன்றும் கேட்காது என்று கையை விரித்துவிட்டு, டிவி முன்னால் போய் உட்காருவார். டிவியிலும் சத்தம் இருக்காது. ஓடுகிற எழுத்தை வாசித்துக்கொண்டிருப்பார்.

எனக்குக் குமட்டும். பெட்டி கண்ணில் படாமலிருக்க ஒரு டிஷ்யூவைப் போட்டு மூடிவிடுவேன். அதை நான் ஒருநாளும் திறந்ததில்லை.

ஏழு மணிக்குக் கணவர் வருவார். அறைக் கதவைச் சாத்துவார்.

வெளியே தேனொழுகப் பேசும் மனுஷன். உள்ளேயும் குரலை உயர்த்த மாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகத்தான் திட்டுவார். அடியும் முகத்தில் படாது. மாமியார் சமையலறையில் குழாயைத் திறந்துவிடுவார். மாமனாரை மட்டும் நான் மனசுக்குள் திட்டியதில்லை. பாவம், அவருக்கு என்ன தெரியும்?

இன்று அண்ணன் வந்தார்.

போனில் நான் சொன்னதை அவர் முழுசாக நம்பவில்லை. மாப்பிள்ளையா, மாப்பிள்ளையா என்றே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், உன் மாமனார் நல்ல மனுஷன், அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும், அன்றைக்கே உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றார். என் துணிப்பை கட்டிலுக்கு அடியில் தயாராக இருந்தது.

அண்ணன் வந்தபோது மணி ஆறே முக்கால். பெட்டி சார்ஜில் இருந்தது. அவர் கேட்டதும் மாமனார் காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். மாமியார் அவர் பக்கத்தில் குனிந்து, அவன் இவளை அடிக்கிறானாம், நீங்க ஏதாவது கேட்டீங்களா என்று கத்தினார்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. அவன் வர்ற நேரத்துல என் மெஷின் சார்ஜுல இருக்கும். இடி விழுந்தாக்கூட கேக்காது.”

அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்தார்.

நான் அறைக்குள் ஓடினேன். மெஷினை எடுத்துவந்து மாமனாரைக் காதில் போடச் சொல்லி, எல்லாவற்றையும் என் வாயாலேயே சொல்லிவிடுவது என்று ஓடினேன். கேட்டால் அந்த மனுஷன் சும்மா இருக்க மாட்டார் என்று அப்போதும் நம்பினேன்.

டிஷ்யூவை எடுத்தேன். ஒயரைப் பிடுங்கினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, நகத்தால் மூடியை நெம்பினேன்.

மெஷின் உட்காரும் குழி இருந்தது. மெஷின் இல்லை.

இத்தனை நாளும் வெறும் பெட்டிதான் என் லேப்டாப்பில் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது.

இந்தப் பெட்டி வந்து பதினான்கு மாதம். ஒவ்வொரு வார்த்தையும் அந்தக் காதுக்குள் போயிருக்கிறது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுததும் போயிருக்கிறது. அவர் எழுத்தை வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குதிகால் தூளும் தாடிமயிரும் இந்த மஞ்சள் பிசுக்கும் எவ்வளவோ தேவலை என்று தோன்றியது.

டிஷ்யூவைத் தேடவில்லை. திறந்த பெட்டியை வெறுங்கையிலேயே எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். மாமனார் எனக்கு முதுகைக் காட்டி டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, சொல்லிவிட்டுப் போவதற்காக என் பக்கம் திரும்பினார். காலியான பெட்டியை அவருக்குத் தெரியும்படி பிடித்தேன்.

பிறகு, மாமனாரின் நாற்காலிக்கு நாலடி பின்னாலேயே நின்று, என் கணவர் என்னிடம் பேசுகிற அதே மெல்லிய குரலில் கேட்டேன்.

“மாமா, நேத்து எத்தனை அடின்னு எண்ணுனீங்களா?”

மாமனாரின் தலை வெடுக்கென்று திரும்பியது.

அண்ணன் மாட்டிய செருப்பைக் கழற்றினார்.