எதை முதலில் சொல்வது

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டார்.

"பயப்படாதேம்மா. டெஸ்ட்ல ஒண்ணுமில்ல. இது புருஷன்கிட்ட இருந்து ஒட்டிக்கிற புண் இல்ல. போன வாரம் காய்ச்சல் வந்து வாயெல்லாம் வெந்து போச்சுன்னியே, அதோட தங்கச்சின்னு வெச்சுக்கோ. ஆம்பள வாசமே அறியாத பொண்ணுங்களுக்குக்கூட வரும். தானா ஆறிடும்."

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் தெம்பு இல்லை.

சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசியதைப் போல எரிச்சல். நான் படிக்கப் போகும் மாலை வகுப்பில் ஒருக்களித்தே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவள், "ஏண்டி, அடைகாக்கிறியா?" என்று கேட்டாள்.

எரிச்சலைவிடச் சந்தேகம்தான் என்னை அதிகம் தின்றது. என் கணவர் வீடு வீடாகப் போய் ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவர். எந்த வீட்டிலிருந்து வாங்கி வந்தாரோ என்று நினைத்தேன். வாய்விட்டுக் கேட்கவில்லை. புண் எங்கே என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து பாத்திரம் கழுவுவதும் துணி துவைப்பதும் அவர்தான். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

இந்த மனுஷனையா?

படியில் மெதுவாக இறங்கிக்கொண்டே அவரிடம் சொல்ல வேண்டிய வாக்கியங்களை வரிசைப்படுத்தினேன். முதலில் முடிவு, பிறகு மற்றவை என்று வகுப்பில் அறிக்கை எழுதச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆனால் மன்னிப்பை முதலில் கேட்பதுதானே முறை? மாற்றினேன். மறுபடி மாற்றினேன். எது சரி என்று எனக்கு எப்போதுதான் தெரிந்திருக்கிறது.

வெளியே அவர் பைக்கின் பக்கத்தில் நின்றிருந்தார். பின்சீட்டில் என் தலையணையை மடித்துக் கட்டி வைத்திருந்தார், நான் உட்கார.

எதிரே போய் நின்றேன். வாயைத் திறந்தேன். எதை முதலில் சொல்வது என்று குழம்பி மூடிக்கொண்டேன்.

அவர் முகம் வெளுத்தது.

"ஒரே ஒரு தடவதாம்மா. உன்மேல சத்தியம். அது உன் தலையில வந்து விடியும்னு நான் நெனைக்கல."

தலையணையின் முடிச்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அசையாதபடி நன்றாகத்தான் கட்டியிருந்தார்.

தயார் செய்து வைத்திருந்ததில் மன்னிப்பு இனி தேவைப்படவில்லை. மற்றதைச் சொன்னேன்.

"இது யார்கிட்ட இருந்தும் வந்ததில்லையாம்."