கூட்டிய ஒரு கோடு

நடுப்பகல் வெயில் ஓட்டுச் சந்து வழியே இறங்கி, பூனையின் நடுங்கும் முதுகில் நிற்கிறது. மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் மயில்சாமி பக்கத்தில் மண்டியிட்டிருக்கிறான். நேற்று அதன் மூத்திரத்தில் எறும்பு மொய்த்ததால், சர்க்கரை ஏறிவிட்டதென்று இன்று காலை இன்சுலினை ஊசிக்குழாயில் ஒரு கோடு கூட்டிப் போட்டவன் அவன்தான். அந்தக் கோடுதான் கொல்கிறதோ? மனத்துக்குள் திரும்பத் திரும்பக் கணக்குப் போடுகிறான். பூனையின் கால்கள் வெட்டி இழுக்கின்றன. “ஏனுங்கக்கா, காலையில சோறு வெச்சீங்கல்ல?” இறந்த கணவனுக்குப் படைத்த இலையோடு வாசலில் காக்கையைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும் சௌந்திரம் திரும்புகிறாள். “அமாவாசைங்க தம்பி. காக்கா எடுக்காம இந்த ஊட்டுல யாரு வாயில சோறு வெக்கறது?” ஊசி போடும் முன் அவன் இதைக் கேட்கவே இல்லை. வெல்லத்தைக் கரைத்து, விரலால் பூனையின் ஈறில் தடவுகிறான். “வெறும் வயித்துல அந்த மருந்து ஆகாதுங்க. உள்ள ஏதாச்சும் போகோணும்.” வெகுநேரம் கழித்து, பூனையின் நாக்கு மெல்ல வெளியே வந்து அவன் விரலைத் தொடுகிறது. கூரையில் ஒரு காக்கையும் இல்லை. சௌந்திரம் கூரையைப் பார்க்கிறாள், இலையைப் பார்க்கிறாள். பிறகு குனிந்து, இலையைப் பூனையின் முகத்தருகே வைக்கிறாள். “அவரு வளத்ததுதானுங்க. கோவிச்சுக்க மாட்டாரு.”