நடுவில் ஒரு நல்ல கிணறு

"இப்பல்லாம் ஜனங்களுக்கு ஒரு வேலை முடிஞ்சிருச்சுன்னு சொல்றதுலதான் அவசரம். நெசமாவே முடிஞ்சுச்சான்னு பாக்க எவனுக்கும் நேரமில்ல" என்றார் ஹார்லன் ப்ரெக்கி.

வந்தவளை அவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. நீர்ச் சோதனை அலுவலகத்து மார்னி, அக்டோபர் குளிரில் வாசற்படியிலேயே நின்று கோப்பைத் திறந்தாள்.

"நல்ல சேதி சொல்லத்தான் வந்தேன், ஹார்லன். பழைய குப்பைமேட்டுப் பம்புகளை வெள்ளிக்கிழமையோட நிறுத்தறோம். பதினாலு வருஷமா, குப்பை விஷம் இறங்கின நிலத்தடித் தண்ணிய இழுத்து, சுத்தம் பண்ணி, ஓடையில விட்டாச்சு. போதும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. நீங்க இங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"நிறுத்தாதே."

மார்னிக்குப் புரியவில்லை. அந்தச் சாலையில் இருந்த மற்ற எல்லோரும், பம்புச் சத்தம் ஒழிந்தால் சரி என்று பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"உங்களுக்கென்ன கவலை? இந்தப் பக்கம் லெப்கே கிணறு கெட்டுப் போச்சு. அந்தப் பக்கம் ஓல்ஸ்டாட் கிணறு கெட்டுப் போச்சு. நடுவுல உங்க கிணறு மட்டும் கண்ணாடி மாதிரி இருந்துச்சு."

"அது எப்படின்னு யோசிச்சீங்களா?"

"யோசிக்காமலா? ஆபீஸ்ல ரெண்டு வருஷம் மண்டையை உடைச்சுக்கிட்டோம். கடைசியில, உங்க நிலத்துக்கு அடியில ஒரு பாறைச் சுவர் இருக்கணும், அதுதான் விஷத்தைத் தடுக்குதுன்னு முடிவு பண்ணோம். வரைபடத்துலயும் போட்டுட்டோம்."

"பாறையா?" ஹார்லன் சிரித்தார். "அம்பது வருஷம் இதை உழுதவன் நான். வேலிக்குக் கம்பம் நட்டா வெண்ணெயில கத்தி இறங்கற மாதிரி இறங்கும். வெறும் மணல்மா இது."

"ரொம்ப ஆழத்துல இருக்கும்."

"நீ பாத்தியா?"

"பாக்கல. உங்க தண்ணிய வெச்சுக் கணிச்சதுதான். அதை நம்பித்தான் உங்க பக்கம் ஒரு பம்பு கூடப் போடல."

ஹார்லனின் சிரிப்பு நின்றது. "ஒண்ணு கூடவா போடல?"

"தேவைப்படலையே!"

"சனிக்கிழமை என் பொண்ணு வர்றா" என்றார். "ஆறு வாரக் குழந்தையோட. புருஷன் விட்டுட்டுப் போயிட்டான். இனிமே இங்கதான் இருக்கப்போறா."

"சந்தோஷம்தானே?"

"நான் குடிச்சது போகட்டும். எனக்கு எழுபத்தொம்பது ஆச்சு. அந்தப் பிள்ளைக்குப் பால் பவுடர் கலக்க இந்தத் தண்ணிதான். குளிப்பாட்டவும் இந்தத் தண்ணிதான்."

"தாராளமா குடுங்க! விஸ்கான்சின் பூரா தேடினாலும் இப்படி ஒரு கிணறு கிடைக்காது. இதோ பாருங்க, மூணு மாசத்துக்கு ஒண்ணா அம்பத்தாறு சோதனை. ஒண்ணுல கூட ஒரு கோளாறு இல்ல."

"பேப்பர்!"

"பேப்பர் இல்ல, ஆய்வுக்கூடத்து முடிவு."

"அதையும் பேப்பர்லதானே எழுதியிருக்கு?"

மார்னிக்கு எரிச்சலும் வந்தது, குழப்பமும் கூடியது. கிணறு கெட்டுப்போனவர்களெல்லாம் நிம்மதியாக இருக்கிறார்கள். நல்ல கிணறு வைத்திருப்பவர் மல்லுக்கு நிற்கிறார்!

"சரி, நான் சொல்றதை விடுங்க. சீஸ் ஆலைக்காரங்க எப்பேர்ப்பட்ட ஆளுங்க? அவங்களே உங்க பாலை ஒரு நாள் கூட வேண்டாம்னு சொன்னதில்ல. பதினாலு வருஷத்துக்கு முன்னாடி ஓல்ஸ்டாட் கிணறு கெட்டதுன்னு தெரிஞ்ச அந்த வாரமே அவன் பாலை நிறுத்திட்டாங்க. பாவம், நாப்பது மாட்டையும் வித்துட்டு லாரி ஓட்டப் போனான். அதிர்ஷ்டம் உங்க பக்கம் இருந்துச்சு."

"அதிர்ஷ்டமா?" ஹார்லன் தொழுவத்தைப் பார்த்தார். மாடுகளை விற்று ஒரு வருஷமாகக் காலியாகத்தான் கிடந்தது. "பம்பை நிறுத்தாதேம்மா. என் பக்கமும் ஒண்ணு போடு."

"எந்தக் காரணத்தைச் சொல்லிப் போடறது? கிழவருக்கு மனசு கேக்கலன்னா?"

"அப்படியே எழுதிக்கோ."

மார்னி பெருமூச்சு விட்டாள். "சரி, உங்க திருப்திக்கு இன்னொரு தடவை சோதிக்கிறேன். எப்பவும் போல சாயங்காலம் வாசல்ல பாட்டிலை வெச்சுட்டுப் போறேன். காலையில பிடிச்சு வெச்சிருங்க."

"வேண்டாம். நீயே உள்ள வந்து குழாயைத் திறந்து பிடி."

"யார் பிடிச்சா என்ன, ஹார்லன்? அதே தண்ணி, அதே முடிவுதான் வரப்போகுது. அம்பத்தாறு தடவை வந்தது இப்ப மட்டும் மாறிடுமா? கொஞ்சம் நம்புங்க."

அவள் நீட்டிய பேனாவை அவர் வாங்கவில்லை. படியிறங்கித் தொழுவத்தை நோக்கி நடந்தார்.

"எப்படிம்மா நம்பறது?" என்றார், திரும்பிப் பார்க்காமலே. "ஓல்ஸ்டாட் பாலை ஆலைக்காரங்க நிறுத்தின வாரத்துலேர்ந்து நான் உங்களுக்குப் பிடிச்சு வெச்சதெல்லாம், பன்னெண்டு மைல் தள்ளி என் மச்சான் தோட்டத்துல இருக்கற ஊத்துத் தண்ணி!"