முன்னால் போகிறவள்

“நீ முன்னால போ, அங்கம்மா.”

மறுபடியும் அதே பேச்சு! அங்கம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. கடற்கரைக் காட்டுப் பாதையில், ‘முதலை நடமாடும் பகுதி’ என்று கொட்டை எழுத்தில் பலகை வைத்திருக்கிறான். அந்த இடத்தில் வந்து, கட்டிய பெண்டாட்டியை முன்னால போ என்கிறார் வெள்ளைச்சாமி. இவரெல்லாம் ஒரு புருஷன்!

கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில் இப்படியா இருந்தார்? விடியுமுன்னே நெற்றியில் விளக்கும் கையில் கத்தியுமாக அவர் முன்னால் போவார். வாளியோடு இவள் பின்னால் போவாள். பாம்போ பூரானோ, முதலில் ஆம்பளை காலில்தான் படவேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேர் பக்கம் கராச்சர்மாவில் குடியேறியும் அந்த வழக்கம் மாறவில்லை. பஸ் ஏறப் போனாலும் அவர்தான் முன்னால். இப்போது மட்டும் என்ன வந்ததாம்?

மகன் யோகராஜுக்கு ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட் சமையலறையில் வேலை. கடலோரமாக நடந்து பார்ப்பது, சாயங்காலம் ஒயின் ருசி பார்ப்பது என்று ஜோடிகளுக்கான ஏற்பாட்டில் அப்பா அம்மாவையும் சேர்த்துவிட்டான். நடப்பதற்கு ஒரு சுற்றுலாவா என்று அங்கம்மா முகத்தைச் சுளித்தாள். ஒரு நாள்கூடச் சும்மா இருக்காத வெள்ளைச்சாமிதான், கடலை ஒருக்கா நல்லா பாத்துட்டு வந்துருவோம் என்று உடனே கிளம்பினார்.

அதுவும் எப்படி? அபர்டீன் பஜாரில் அவரே போய் வாங்கிவந்த மாம்பழ மஞ்சள் சேலையை உடுத்தினால்தான் ஆச்சு என்று ஒற்றைக் காலில் நின்றார். ரோடு வேலை நடக்கிற இடத்தில் வைக்கிற பலகை மாதிரி அப்படி ஒரு மஞ்சள். பார்க்கிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஆராம்ஸே, மெதுவா வாங்க ஆன்டி, முதலை எல்லாம் இந்த நேரத்துக்கு வராது” என்றாள் வழிகாட்டிப் பெண் ஷீலா.

மற்ற ஜோடிகள் கைகோத்து நடந்தன. இவரோ பத்தடி பின்னால், இவள் முதுகை விட்டுப் பார்வையை எடுக்காமல் வந்தார். முதலை பிடித்தால் ஓடிவிடலாம் என்றுதானே? அங்கம்மா மனசுக்குள் திட்டிக்கொண்டே சேறு மிதித்தாள்.

சாயங்காலக் கூத்து அதைவிட மோசம். ஒயினை முகர்ந்து, வாயில் வைத்துக் கொப்பளித்து, பக்கத்துச் சட்டியில் துப்ப வேண்டுமாம். துப்புவதற்கா இத்தனை அலங்காரம் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஷீலா இரண்டு கிளாஸைத் தூக்கிப் பிடித்து, எதில் நிறம் அடர்த்தி என்று வெள்ளைச்சாமியைக் கேட்டாள்.

“என்னைய ஏம்மா கேக்குற, அவளைக் கேளு” என்றார் அவர்.

அத்தனை பேரும் அங்கம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒயின் பாட்டில் மூடியைக்கூட முகர்ந்து பார்க்காத பொம்பளையைப் பார்த்து இப்படியா சொல்வது? கூசிப்போய் அவள் தலை குனிந்த நேரத்தில் அவர் கை நீட்டி, தன் கிளாஸை எடுப்பதற்குப் பதில் அவள் கிளாஸைத் தட்டிவிட்டார். சிவப்பு ஒயின் முழுக்க மஞ்சள் சேலையில் கொட்டியது. குடிக்கிறதுக்கு முன்னாடியே தள்ளாட்டமா என்று அவள் கேட்டதற்கு அந்த மனிதர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்கவே முடியவில்லை.

அறைக்கு வந்து சேலையை அலசி வராந்தாக் கொடியில் போட்டாள். பிறகு முடிவாகச் சொல்லிவிட்டாள்.

“காலையில மொத போட்டுல நான் வீட்டுக்குப் போறேன். முதலைக்கு முன்னால பெண்டாட்டியத் தள்ளிவிட்டுப் பின்னால வர்ற மனுசனோட இனி ஒரு அடி நடக்க மாட்டேன்.”

வெள்ளைச்சாமி போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டார்.

விடிந்ததும் பழைய சாம்பல் நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு, பையோடு வராந்தாப் படிக்கு வந்தாள். மனசு கேட்கவில்லை. இருந்துட்டுப் போ என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும், போகாமல் இருந்துவிடலாம் என்று நின்றாள். சுவரைத் தடவியபடி வெள்ளைச்சாமி வெளியே வந்தார். படியருகே நின்றவளைக் கண்டுகொள்ளாமல் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். இவ்வளவு திமிரா என்று அவள் காலைத் தூக்கிப் படியில் வைத்தாள்.

“கோவிச்சுக்கிட்டுப் போயிராத அங்கம்மா” என்றது அவர் குரல். “கிளாஸை வேணும்னு தட்டல. நீ முன்னால போனாத்தானே நான் வீடு வந்து சேர முடியும்? ஏதாவது பேசு புள்ள.”

அங்கம்மா திரும்பிப் பார்த்தாள். கொடியில் காற்றுக்கு ஆடிய மஞ்சள் சேலையின் முன்னால் நின்று, அதைப் பார்த்து அவர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அவள் பையைக் கீழே போட்டாள். ஓடிவந்து, அந்த ஈரச் சேலையை உருவித் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, “வாங்க, நான் முன்னால போறேன்” என்றாள்.